மண்ணைச் சுடாமல் ஒரு வீடு

சென்ற சித்திரையில் கடலூரில் எம் உறவினர் ஒருவர் இல்லத்தில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, பணியின் பொருட்டுக் கடலூருக்கு வந்து, நாற்பதாண்டுக் காலம் வாடகை வீட்டிலேயே கழித்தவர். தேவனாம்பட்டினத்தில் என்றோ வாங்கிப் போட்டிருந்த மனையில் இப்போதுதான் வீடு கட்ட முனைந்திருக்கிறார். வாடகை வீட்டின் மாடியறையில், மேற்குச் சுவரை ஒட்டிய கட்டிலில் அவருடைய தாயார் படுத்திருந்தார். வயது 86. பொழுது சாய்ந்தபின் உணவு கொள்ளாத நியமத்தை இன்றளவும் வழுவாமல் காப்பவர். கோடை இரவுகளில் நா வறண்டாலும் தண்ணீர் பருகமாட்டார். அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தோம். இரவு ஒன்பது மணிக்கும் அது சுட்டது. மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் தளத்திலிருந்து இறங்கிய அனலைத்தான் அது அவர்மேல் தள்ளிக்கொண்டிருந்தது.

"புது வீட்டில் அம்மா அறைக்கு ஏ.சி. வைத்துவிடப் போகிறேன், வேறு வழியில்லை" என்றார் உறவினர். மறுநாள் காலையில் வரைபடத்தை விரித்துக் காட்டினார். புது வீட்டிலும் தாயாரின் அறை மேற்கு மூலையிலேயே இருந்தது.

வாடகை வீட்டில் பட்ட துன்பத்தைச் சொந்த வீட்டிலும் நாமே வரைந்து வைத்துக்கொள்கிறோமே என்று தோன்றியது. கடைக்கால் தோண்ட இன்னும் மாதங்கள் இருந்தன. ஆகவே, எரிபொருளையும் மின்சாரத்தையும் அளவோடு கொள்ளும் கட்டடக் கலையைப் பற்றி அவரும் நாமுமாகத் தேடிப் படித்தும் நேரில் சென்று பார்த்தும் அறிந்தவற்றை இங்கே பாடமாகத் தருகிறோம். வீடு கட்டும் எண்ணமுள்ள நம் குடும்பங்களுக்கு உதவக்கூடும்.

ஒரு வீடு இருமுறை எரிபொருளை உண்கிறது. கட்டும்போது ஒரு முறை. பின்னர் அதில் குடியிருக்கும் காலமெல்லாம் நாள்தோறும். முதற்செலவை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை, ஏனெனில் அந்த நெருப்பு நம் கண்ணெதிரே எரிவதில்லை. வயலின் மேல்மண்ணைத் தோண்டிப் பிசைந்து அறுத்து, விறகோ நிலக்கரியோ இட்டுச் சூளையில் பல நாள் சுட்டபின்தான் செங்கல் நம் வாசலுக்கு வருகிறது. சிமெண்டின் கதை இன்னும் கடுமையானது. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1450 பாகை வெப்பத்தில் சுட வேண்டும். அந்த உலைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை ஒரு பக்கம். வேகும்போது கல்லே தன்னுள் அடக்கியிருக்கும் கரியமில வாயுவை வெளிவிடுவது மற்றொரு பக்கம். மனித குலம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டு ஒன்றினால் மட்டும் வருகிறது என்பது அறிவியலார் கணக்கு.

இரண்டாவது செலவுக்குக் கடலூர் மாவட்டத்தார் தொலைதூரம் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. நெய்வேலி இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. 1956-இல் அங்கே பழுப்பு நிலக்கரிக் கழகம் அமைந்தது. 1962 முதல் மின்சாரம் பிறந்து வருகிறது. நிலக்கரி கிடப்பதோ ஆழத்தில். அதன்மேல் உள்ள மண் முழுவதையும் அகற்றினால்தான் அதைத் தொட முடியும். அடியிலிருந்து அழுத்தத்தோடு மேலெழும் நிலத்தடி நீரை இரவுபகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நிற்கும். அந்தக் கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரி வேண்டும். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் முழுவதும் நெய்வேலியிலிருந்தே வருகிறது என்று நாம் சொல்லவில்லை. காற்றாலையும் சூரிய ஒளியும் இன்று தமிழ்நாட்டில் பெரும்பங்கு தருகின்றன. ஆனால் காற்று அடங்கிய இரவில், எல்லா வீடுகளிலும் விசிறி சுழலும் வேளையில், சுமையைத் தாங்குவது பெரும்பாலும் அனல் மின்நிலையந்தான்.

இவ்விடத்தில் சிராவகர்க்குரிய ஒரு விரதத்தை நினைவுகூர்தல் பொருந்தும். இல்லறத்தான் வீடு கட்டுவது விலக்கப்பட்டதன்று. அதில் நேரும் ஆரம்ப இம்சையை அவனால் முற்றும் தவிர்க்கவும் இயலாது. ஆயினும் குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்ததண்ட விரதம் வைக்கப்பட்டிருக்கிறது. ஸமந்தபத்ர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதை ஐந்தாக வகுத்து, அவற்றுள் பிரமாதசரியை என ஒன்றைச் சொல்கிறார். பயனின்றி மண்ணைத் தோண்டுதலும், நீரைச் சிந்துதலும், நெருப்பை மூட்டுதலும், காற்றை எழுப்புதலும், மரஞ்செடிகளை வெட்டுதலும் அதில் அடங்கும். ஓரறிவு உயிர்களின் ஐந்து காயங்களும் இப்பட்டியலில் வந்துவிடுகின்றன. செங்கற்சூளையையும் சுரங்கத்தையும் மனத்திற்கொண்டு இதை மீண்டும் படித்தால், நம் பெரியோர் எதை எண்ணி எழுதினார்களோ என்று வியப்பே தோன்றும். இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'பயனின்றி' என்பதே. வெயிலை வீட்டுக்குள் நாமே அழைத்துக்கொண்டு, பிறகு அதை வெளியேற்ற இயந்திரம் ஓட்டுவதில் பயன் எங்கே இருக்கிறது?

கடலூரிலிருந்து புதுச்சேரி வழியாக வடக்கே சென்றால், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் ஆரோவில் வருகிறது. 1968 பிப்ரவரி 28-இல் அந்நகரியம் தொடங்கப்பட்டபோது அது மரமற்ற செம்மண் மேடு. மழை நீர் அரித்த ஓடைகளே மிகுதி. அந்தச் செம்மண்ணையே சுவராக்கும் வேலை பின்னாளில் அங்கு வளர்ந்தது. 1989-இல் மத்திய அரசின் ஹட்கோ எனப்படும் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சிக் கழகம் அங்கே ஒரு கட்டட மையத்தை ஏற்படுத்தியது. 2004 முதல் அதன் பெயர் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட். மண் கட்டுமான நிறுவனம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இலாபம் கருதாத அமைப்பு. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சத்பிரேம் மைனி இதை நெடுங்காலம் வழிநடத்தியவர். யுனெஸ்கோவின் மண் கட்டடக்கலைப் பீடத்துக்கு ஆசியாவில் இதுவே பிரதிநிதி. கொத்தனார் முதல் பொறியாளர் வரை பல நாட்டாரும் இங்கு வந்து பயின்று செல்கின்றனர்.

அவர்கள் செய்யும் கல் சுட்ட கல் அன்று. மேல்மண்ணை நீக்கிவிட்டு, அடியிலுள்ள செம்மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, சிறிது ஈரமாக்கி, இரும்பு அச்சில் இட்டு நெம்புகோலால் அழுத்துகிறார்கள். அழுத்திய கல்லை அடுக்கி மூடி, நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்தால் அது இறுகிவிடுகிறது. நெருப்பு என்பது அந்த ஐந்து பங்கு சிமெண்டுக்குள் மறைந்திருப்பது மட்டுமே. நாட்டுச் சூளைச் செங்கல்லுக்கு ஆகும் எரிசக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இதற்கு ஆகிறது என்பது அந்நிறுவனத்தின் கணக்கு.

மண் வீடு என்றதும் ஏழ்மையின் அடையாளம் என்று முகம் சுளிப்பவர் உண்டு. அவர்கள் ஆரோவில்லின் வருகையாளர் மையத்தைச் சென்று பார்க்கட்டும். மேற்பூச்சு இல்லாத மண்கற்களால் எழுந்த வளைவுகள், நிழலான தாழ்வாரங்கள். 1992-இல் அதற்கு எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபதியின் பெயரால் அமைந்த, எளியோருக்கான கட்டடக்கலை விருது கிடைத்தது. 'விகாஸ்' என்னும் குடியிருப்பில் இதே கற்களால் நான்கு தளம்வரை எழுப்பியிருக்கிறார்கள். அது 2000-ஆம் ஆண்டில் உலக வாழ்விட விருதின் இறுதிச் சுற்றுவரை சென்றது.

எம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. மண் எடுப்பதற்கு முன்பே, எடுத்தபின் உண்டாகும் குழி எதற்குப் பயன்படும் என்பதை அவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். நிலவறை, மழைநீர்க் குளம், கழிவுநீரைத் தூய்மை செய்யும் தொட்டி என்று ஏதேனும் ஒன்று. அகற்றிய மேல்மண் வீணாவதில்லை. அது தோட்டத்துக்குப் போகிறது. நம் ஊர்ப்புறங்களில் சூளைக்காரர்கள் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

தேவனாம்பட்டினத்தாருக்கு இந்நிறுவனத்தோடு மற்றொரு வழியிலும் தொடர்பு உண்டு. 2001-இல் குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின், ஒன்றோடொன்று பிணையும் உட்குழிவான மண்கற்களை அவர்கள் வடிவமைத்தார்கள். குழிவுகளின் வழியே இரும்புக் கம்பியும் கான்கிரீட்டும் செல்வதால் சுவர் அதிர்ச்சியைத் தாங்கும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கி உயிர்களைக் கொண்டுபோனபின், மறுவாழ்வுப் பணிகளுக்கு இம்முறையைத் தமிழ்நாடு அரசும் ஏற்பு செய்தது.

இவ்வளவும் கேட்ட உறவினர், மண்கல்லிலேயே கட்டிவிடுவோம் என்று உற்சாகமாகக் கிளம்பிவிட்டார். நாம் சற்றுப் பொறுக்கச் சொன்னோம். எந்த மண்ணும் கல்லாகாது. சரளை, மணல், வண்டல், களி ஆகிய நான்கும் அளவோடு கலந்திருக்க வேண்டும். களி ஐந்தில் ஒரு பங்கு, மணல் பாதி என்ற அளவு ஏற்றது. களி மிகுந்தால் வெடிக்கும். அத்தகைய மண்ணுக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பு ஏற்றது. களியே இல்லாவிட்டால் அச்சிலிருந்து எடுக்கும்போதே உதிரும். உப்பு மண் எதற்கும் உதவாது.

இதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. முதற்சோதனைக்கு ஒரு கண்ணாடிப் புட்டி போதும். முழங்கால் ஆழத்துக்குக் கீழுள்ள மண்ணைப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு இட்டு, நீர் நிரப்பி, சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி வைக்க வேண்டும். மணல் ஒரு நிமிடத்துக்குள் படியும். வண்டல் அரைமணி நேரத்தில். களி படியப் பல மணி நேரமாகும். மறுநாள் பார்த்தால் அடுக்குகள் கண்ணுக்குத் தெரியும், அளவுகோலால் அளந்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டே செய்விக்கத் தக்க சோதனை இது.

தேவனாம்பட்டினத்து மனையின் மண்ணைப் புட்டியில் இட்டோம். ஒரு நிமிடத்தில் எல்லாம் அடியில் போய்விட்டது. மேலே நீர் ஏறக்குறையத் தெளிவாக நின்றது. கெடிலமும் கடலும் கொண்டுவந்து சேர்த்த வெறும் மணல். வானூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் செம்மண் கொண்டுவரலாமே என்றார் உறவினர். டீசல் எரித்து, எங்கோ ஒருவர் நிலத்தைப் பள்ளமாக்கி வரும் மண்ணில் இம்முறையின் பயன் பாதி போய்விடும் என்றோம். மேலும் மண்கல் நனைந்து ஊறினால் வலிமை ஏறத்தாழப் பாதியாகும். 2015-இலும் 2024-இலும் கடலூரில் வெள்ளம் எவ்வளவு நின்றது என்பதை அவர் நம்மைவிட நன்கு அறிவார். ஆனால் வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில், மேட்டு நிலத்துச் செம்மண் கிடைக்கும் இடத்தில் கட்டவிருப்போர், புட்டிச் சோதனை செய்யாமல் செங்கல்லுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மண் கைகொடுக்காத இடத்தில் என்ன செய்வது? நெய்வேலி அனல் மின்நிலையம் கரியை எரித்துக் கழித்த சாம்பலே ஒரு விடை. அந்தச் சாம்பலோடு சுண்ணாம்பு அல்லது சிமெண்டு, ஜிப்சம், மணல் அல்லது கல்தூள் சேர்த்து அழுத்தி, நீரூற்றிப் பதப்படுத்துவதே சாம்பல் கல். அதையும் சுடுவதில்லை. அனல் மின்நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுமானங்களில் இச்சாம்பலைப் பயன்படுத்த வேண்டுமென்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999-இலேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. எரிந்த நெருப்பைத் திரும்பப் பெற முடியாது, மிச்சத்தையாவது வீணாக்காதிருக்கலாம்.

இனி இரண்டாவது செலவுக்கு வருவோம். புதுச்சேரியில் அரவிந்த ஆசிரமத்தைச் சேர்ந்த 'கோல்கொண்டா' என்னும் விடுதிக் கட்டடம் இருக்கிறது. செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1937-இல் வேலை தொடங்கி 1940-களில் நிறைவு பெற்றது. நீண்ட பக்கங்கள் இரண்டும் வடக்கும் தெற்கும் நோக்குகின்றன. கிழக்கிலும் மேற்கிலும் குறுகிய சுவர்களே. வடக்கு, தெற்குப் பக்கங்களில் சுவருக்குப் பதில் திறந்து மூடும் கிடைமட்டத் தகடுகள். வெயிலும் மழையும் வெளியே நிற்கக் காற்று மட்டும் ஊடுருவிச் செல்லும். கான்கிரீட் தளத்தின்மேல் இடைவெளி விட்டு வளைவான ஓடுகளை இன்னொரு கூரையாகப் பரப்பியிருக்கிறார்கள். வெயிலை மேலோடு வாங்கிக்கொள்ள, இடையிலுள்ள காற்று சூட்டை வெளியே கொண்டுபோய்விடும். குளிர்சாதனம் இன்றியே இயங்கும்படி அமைந்த கட்டடம் அது.

இதன் காரணத்தைச் சூரியனின் பாதை சொல்லும். கடலூர் வட அட்சம் 12 பாகைக்குச் சற்றுக் குறைவில் இருக்கிறது. கோடையில் உச்சிப்பொழுதுச் சூரியன் ஏறத்தாழ நம் தலைக்கு நேரே நிற்பதால், வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சிறு இறவாணமே நிழல் தந்துவிடும். ஆனால் மாலைச் சூரியன் தாழ்ந்து வந்து மேற்குச் சுவரை நேரே தாக்கும். அதை எந்த வெயில்தடுப்பும் முற்றும் மறைக்காது. பகலெல்லாம் காய்ந்த சுவர், நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் உட்புறமாகச் சூட்டை இறக்கத் தொடங்கும். மேற்கே படுக்கையறை கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாத்திரம் வேண்டுமா? மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவை அங்கே நின்று வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். கடற்காற்றோ பிற்பகலில் கிழக்கும் தென்கிழக்குமாக வரும். அப்பக்கம் சாளரம் வைத்து, காற்று வெளியேற எதிர்ப்பக்கத்திலும் ஒரு வழி விட வேண்டும். வழியில்லாத காற்று உள்ளே வராது.

சுவரைவிடக் கொடியது மொட்டைத் தளம். நாளெல்லாம் வெயிலைத் தாங்குவது அதுதான். குடியிருப்புகளுக்கென மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் நெறிமுறை, கூரை வழியே வெப்பம் கடத்தப்படுவதற்கு ஓர் உச்ச அளவு வகுத்திருக்கிறது. நாம் வழக்கமாகப் போடும் வெறுங்கான்கிரீட் தளம் அந்த அளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது. நம் முன்னோர் வீட்டு மட்டப்பாவுத் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்து, தட்டோடு பதித்தது மழைக்காக மட்டுமன்று. இன்று அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. ஆனால் தளத்தின்மேல் வெப்பத் தடுப்பு அடுக்கு ஒன்றை இட்டு, வெண்ணிற ஓடு பதிக்கலாம்; அதற்கும் வசதியில்லாதவர் ஆண்டுதோறும் மாசியில் சுண்ணாம்பு அடிக்கலாம். வெள்ளைத் தளம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சில நூறு ரூபாய்ச் சுண்ணாம்பு செய்வதைப் பல ஆயிரம் ரூபாய் இயந்திரத்திடம் எதிர்பார்ப்பது நம் காலத்து விந்தை.

விசிறியைப் பற்றியும் ஒரு கணக்கு. பழைய விசிறி 75 வாட் கொள்ளும், பி.எல்.டி.சி. என்னும் புதுவகை 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணி நேரம் சுழலும் நான்கு விசிறிகளை மாற்றினால், ஆண்டில் 300 நாளுக்கு ஏறக்குறைய 650 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு ஒரு கிலோ கரி என்ற நெய்வேலிக் கணக்கில் 650 கிலோ கரி. ஒரு சிறு வண்டிச் சுமை, ஒரு வீட்டில், ஓராண்டில்.

மேஸ்திரியோடு பேசச் சென்றபோது இன்னொன்றையும் சொல்லிப் பார்த்தோம். கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு'. 1985-இல் அவரோடு தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்னும் தொண்டு நிறுவனம் இன்றும் கற்பித்து வருவது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால், நூற்றுக்கு 25 பங்கு வரை கல் மிச்சமாகும். வெற்றிடம் சூட்டையும் தடுக்கும். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அதுல பழக்கம் உள்ள ஆள் வேணும். நான் கட்டினதில்ல. உங்க வீட்ல பழகிப் பாக்கச் சொல்றீங்களா?" என்றார். நேர்மையான விடை. அதை அத்தோடு விட்டுவிட்டோம்.

ஆனால் வரைபடம் திரும்பிற்று. சாம்பல் கல் சுவர். 2015-இன் வெள்ளக் குறிக்கு மேலே கருங்கல் அடித்தளம். வெள்ளை ஓடு பதித்த தளம். மேற்கே மாடிப்படியும் குளியலறையும். தாயாரின் அறை தென்கிழக்குக்கு வந்தது. அது அக்கினி மூலை, அங்கே அடுப்பல்லவா இருக்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. ஒரு வாரம் யாரும் முடிவு சொல்லவில்லை. கடைசியில் அந்த மூதாட்டியே, "அடுப்பு எங்கே இருந்தாலும் எரியும். எனக்குக் காற்று வரட்டும்" என்று சொல்லிவிட்டார். கூடவே, வாசலில் ஒரு திண்ணையும் வேண்டுமென்றார்.

தை மாதத்தில் கடைக்கால் தோண்டுகிறார்கள். தோண்டும் மணல் தளத்தடிக்கு நிரப்பப் போகிறது. மழைநீர்த் தொட்டிக்கான இடத்தையும் குறித்துவிட்டார்கள். ஏ.சி. பற்றிய பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை. அதற்கான மின்கம்பியைச் சுவரில் விட்டு வைப்போம், புது வீட்டில் முதல் சித்திரை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு வாங்குவோம் என்று உறவினர் சொல்லியிருக்கிறார்.